ராசா அனுப்பிய கப்பல்

இந்த ஊரில் வயோதிபரைப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஆளை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, குளிசையை எந்த நேரம் கொடுப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். கோவில் மண்டபத்தில் இப்போது அதற்கென்று வகுப்பே நடக்கிறதாம். எங்கள் காலத்தில் அப்படி ஒன்றும் இல்லை, விழுந்து எழும்பித்தான் பழகினோம். நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் பார்க்கும் ஆளைப் பற்றி வெளியாட்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது, எதை விழுங்கிக்கொள்வது என்பது பற்றி. இத்தாலிக்கு வந்து, முப்பது வருடத்துக்குக் கிட்ட பலேர்மோவில் கிழவர்களைத் தூக்கி இறக்கி, என் நாரி எலும்பை இந்த ஊருக்குக் கொடுத்துவிட்டு ஓய்வூதியம் எடுக்கிறவன் நான். இனிப்பான கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

நான் வந்த புதிதில் எனக்கு வேலை பிடித்துத் தந்தவர் ஒரு மன்னார்க்காரர். படியேறும்போதே என்னை நிறுத்தி, "தம்பி, வீட்டுக்குள்ளை கண்டதை வீட்டுக்குள்ளையே விட்டிட்டு வா. நல்லதெண்டாலும் விட்டிட்டு வா," என்றார். கெட்டதை மறைக்கச் சொல்வது விளங்கியது. நல்லதை ஏன் மறைக்க வேண்டும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அவரிடம் திருப்பிக் கேட்கவும் இல்லை. விளங்கியது என் கடைசி வீட்டில்.

அது ஓர் அமெரிக்கருடைய வீடு, கபோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில். அவர் சரித்திர நாவல் எழுதுகிறவர். எங்கும் படிப்பித்தவரல்ல. ஆனால் கண்ணாடி போட்டுக் கக்கத்தில் புத்தகம் வைத்திருக்கும் எந்த மனிதனுக்கும் சந்தையில் ஒரே பெயர்தான், புரொபெஸோரே, பேராசிரியர். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இளவயதில் ஒரு கோடைகாலம் கழிக்க வந்தவர், திரும்பிப் போகவில்லை. பலேர்மோவை ராசாக்கள் ஆண்ட காலத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார். ராசாக்களைவிட அவர்களின் குதிரைக்குப் புல் போட்டவன், துணி தோய்த்தவள், குசினியில் வெங்காயம் உரித்தவள் போன்றவர்கள்தான் அவற்றில் கூட வருவார்கள். அவருடைய நாட்டில் அதற்கு ஒரு காலத்தில் பெரிய பெயர். வாய் திறக்காமல் செத்துப்போன ஏழைகளின் மனதுக்குள் போய்வரத் தெரிந்தவர் என்று பின்னட்டைகளில் போட்டிருக்கும். தூசு தட்டும்போது வாசித்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அவ்வளவுக்குப் போதும்.

நான் போய்ச் சேர்ந்த நேரம் அந்தப் பெயர் மங்கிவிட்டது. பழைய புத்தகங்கள் கடைகளில் இல்லை. கதவைத் தட்டுகிறவர்கள் மின்சாரக்காரரும் மருந்துக்கடைப் பெடியனும்தான். ஆனாலும் மனிதர் விடவில்லை. தன் கடைசி நாவலை ஒவ்வொரு காலையும் ஃபோனுக்குள் சொல்லிப் பதிவு செய்வார். அந்த நேரத்தில் நான் கட்டிலடியில் இருந்து அவர் கால்களுக்கு ஒலிவ எண்ணெய் தேய்த்துவிடுவேன்.

அந்த வீட்டில் எனக்குத் துணை செல்வி. வன்னிப் பெண், சண்டைக்குப் பிறகு வந்தவள். காலையில் வந்து சமைத்து, துப்புரவு செய்துவிட்டுப் பின்னேரம் போவாள். புருசன் இல்லை. ஒரே மகள், கிளிநொச்சியில் தமக்கையுடன் இருந்தாள். மகளைக் கூப்பிடுவதற்கு செல்விக்கு ஒழுங்கான வேலை ஒப்பந்தம் வேண்டும். இங்கே அதைக் கொந்தராத்தோ என்போம். பிள்ளைக்குப் பதினெட்டு வருவதற்குள் விண்ணப்பம் போட வேண்டும், வந்துவிட்டால் அவள் பெரியவள், தாய் கூப்பிட வழியில்லை. அப்போது பிள்ளைக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. பாதி நேரத்தை மறைத்து எழுதும் வீடுகளே நிறைந்த இந்த ஊரில், புரொபெஸோரே முழு நேரத்தையும் எழுதி அவளுக்குக் கொந்தராத்தோ கொடுத்தார். ஊரிலிருந்து பிள்ளையின் கடுதாசிகள் வந்து சேருவதுதான் மிச்சம். மகளின் படத்தை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியதும் அவர்தான். இதையெல்லாம் நான் மறைக்கமாட்டேன். மறைத்தால் பிறகு நடந்ததன் கசப்பு உங்களுக்கு விளங்காது.

அந்த மாரிகாலத்தில் அவருக்கு நியூமோனியா வந்தது. டொக்டர் கையை விரித்துவிட்டார். செல்வி மலைக்கு, இந்த ஊரின் காவல் புனிதை ரொசாலியா அம்மாவிடம் செருப்பில்லாமல் ஏறினாள். அவள் சைவம், நான் வேதம், கத்தோலிக்கன். அந்த மலையில் அந்தக் கணக்கை எங்கள் ஆட்கள் பார்ப்பதில்லை. கால் வெடித்து, மறுநாள் நொண்டி நொண்டி வந்து கஞ்சி வைத்தாள். கிழவர் எழும்பிவிட்டார். கன்னத்தில் நிறம் வந்து, பழையபடி சத்தம் போடத் தொடங்கினார். செல்வி குசினிக்குள் நின்று அழுததை நான் கண்டேன்.

அவர் எழும்பிய கையோடு அமெரிக்கப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். மறந்துபோன எழுத்தாளரைத் தேடிப் போய் நீண்ட கட்டுரை எழுதுவது அவளுடைய வேலை. இத்தாலியன் சரளமாகக் கதைப்பாள். புரொபெஸோரே புதுச் சட்டை போட்டு, என்னிடம் மீசையை வெட்டுவித்துக்கொண்டார். "அந்தோனி, இவள் எழுதுவதுதான் எனக்குப் பின்னால் மிஞ்சப்போகிறது," என்றார். அவருக்கு அந்தக் கட்டுரை அவ்வளவு பெரிய விஷயம். அது நன்றாக வந்தால் கடைசி நாவலைப் பதிப்பாளர் உடனே போடுவார், பழைய புத்தகங்களும் திரும்ப வரும்.

இரண்டு நாள் அவரோடு இருந்து கதைத்தவள், மூன்றாம் நாள் குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். செல்வி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் குளிசைப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு அருமையான மனிதர்! இந்த வயதில் இப்படி ஒரு ஞாபகசக்தியா! முகத்தைப் பார்த்தீர்களா, குழந்தையின் தோல் மாதிரி. சாகக் கிடந்து எழும்பியவர் என்று யார் சொல்வார்கள்? நூறு வயது நிச்சயம்," என்றாள்.

செல்வியின் கத்தி நின்றது. முகம் கறுத்துவிட்டது. பிறகு தன் உடைந்த இத்தாலியனில் அவசரம் அவசரமாகச் சொன்னாள். எங்கள் பாசையில் சொன்னால் இவ்வளவுதான்: "அப்பிடி ஒண்டும் இல்லை, சிஞ்ஞோரா. ஞாபகமோ? என்ரை பேரையே மறந்துபோவார். சூடு காணாதெண்டு சூப்புக் கோப்பையைத் தட்டி ஊத்தினவர். குளிக்க வாங்கோ எண்டால் கத்துவார். சரியான பொல்லாத கிழவன்."

சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் துப்பினாள்.

உங்களில் யாருக்காவது இதை விளக்க வேண்டுமா? சாகக் கிடந்து எழும்பிய ஆளை ஒருத்தி வீட்டுக்குள் வந்து நின்று வாய் நிறையப் புகழ்கிறாள். நாவூறு பட்டுவிடும். நாங்கள் என்ன செய்வோம்? கொழுகொழு என்றிருக்கும் பிள்ளையை யாராவது தூக்கிக் கொஞ்சினால், "ஐயோ, இது சாப்பிடவே மாட்டுது, சரியான குழப்படி," என்போம். கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைப்போம். பாதர் கேட்டால் மூடநம்பிக்கை என்பார். பாதருக்குச் சொல்லாமல் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவோம். செல்வி அந்தக் கிழவருக்குக் கறுத்தப் பொட்டு வைத்தாள், வேறொன்றுமில்லை. அவள் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. காய்ச்சல் உச்சியில் நின்ற நாள் அவர் கை பட்டு சூப்பு ஊற்றுப்பட்டதுதான். அதைத் துடைத்து, வேறு சூப்பு வைத்துக் கரண்டியால் ஊட்டியவளும் அவள்தான். அதை அவள் சொல்லவில்லை, சொன்னால் அதுவும் புகழ்ச்சி.

எனக்கு அது திருத்த வேண்டிய பேச்சாகவே படவில்லை. பொட்டு வைத்தாயிற்று என்று மனதுக்குள் ஆறுதலாகக்கூட இருந்தது. அந்தப் பெண்ணின் கை மட்டும் வேகமாக எழுதியது.

கட்டுரை வந்தது. அதன் தொடக்கமே எங்கள் குசினிதான். வேலைக்காரிகளின் மனதை எழுதிப் பெயரெடுத்த மனிதர், அவருடைய சொந்த வேலைக்காரி அவரைப் பொல்லாத கிழவன் என்கிறாள், பெயரை மறக்கிறார், கோப்பையைத் தட்டுகிறார், கத்துகிறார். மிச்சப் பக்கங்களில் நல்லதும் இருந்தது. யார் அவ்வளவு தூரம் வாசிக்கிறார்கள்? பொட்டை மட்டும் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய ஒரு வரியையும் வாசிக்காதவர்களெல்லாம் ஃபோனில் அவரைத் திட்டி எழுதினார்கள், இத்தாலியப் பத்திரிகைகளும் அந்தக் கதையைப் போட்டன. ஒரு பல்கலைக்கழகம் தருவதாகச் சொன்ன விருதை நிறுத்தியது. நாவலைக் கொஞ்சம் ஆறப்போடலாம் என்றார் பதிப்பாளர். கிழவர் துறைமுகம் தெரியும் யன்னலடியில் கதிரையைப் போட்டு, சாப்பிடாமல் இருந்தார்.

பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கட்டுரையின் அந்த இடத்தை இத்தாலியனில் மெதுவாக வாசித்துவிட்டு, "இதை நீ சொன்னாயா?" என்று செல்வியைக் கேட்டார்.

"ஓம், சொன்னனான்," என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. அந்தப் பொம்பிளை புகழ்ந்து கொண்டு நிண்டவ. இவர் அப்பத்தான் சாவிலையிருந்து எழும்பினவர். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. இவருக்கு ஒண்டும் வரப்படாதெண்டுதான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ."

நான் சொன்னேன். இந்த ஊரிலும் கண்ணூறு உண்டுதானே, விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. கீழே மீன் விற்கிறவனின் மனைவிக்கு நான் இதைச் சொன்னபோது, அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "சரியாகத்தான் செய்திருக்கிறாள். நானென்றால் இன்னும் மோசமாகச் சொல்லியிருப்பேன்," என்றாள்.

புரொபெஸோரேக்கும் விளங்கியது. விளங்கியது மட்டுமல்ல, பல நாளுக்குப் பிறகு அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. கேள்வி மேல் கேள்வி கேட்டார். பிள்ளைகளுக்கு மட்டுமா, பெரியவர்களுக்கும் உண்டா? பொட்டை எந்த இடத்தில் வைப்பது? எதனால்? செல்வி குசினிக்கு ஓடிப்போய்க் கோப்பி போடும் மொக்காவின் அடியில் விரலைத் தேய்த்துக் கரி எடுத்து வந்தாள். "பெரியாக்களுக்கு வெளியிலை தெரியாமல் இஞ்சை வைக்கிறது," என்று அவர் காதுக்குப் பின்னால் தொட்டு வைத்தாள். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். "கிராட்சியே, செல்வி," என்று நன்றி சொன்னார். அவருக்கு அவளுடைய பெயர் நன்றாகவே ஞாபகம் இருந்தது.

அன்று பின்னேரம் படியில் இறங்கும்போது செல்வி என் கையைப் பிடித்தாள். "ஐயாவுக்கு விளங்கீட்டுது அண்ணை. நான் பயந்து செத்துப்போனன். அடுத்த கிழமை பிள்ளையின்ரை கடுதாசியளைக் கொண்டுபோய்க் குடுக்கப் போறன்," என்றாள்.

மறுநாள் காலை, நான் அவர் முகத்தைக் கழுவிவிடும்போது, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "செல்வி இனி வரத் தேவையில்லை. சட்டப்படி கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுக்கப்படும்."

அவருடைய புத்தக விவகாரங்களைப் பார்க்கும் ஆள் அமெரிக்காவிலிருந்து கதைத்திருக்கிறார். வீட்டில் பிரச்சினைப்பட்ட அந்த ஆள் இப்போது அங்கே வேலை செய்யவில்லை என்று ஓர் அறிக்கை விட்டால் சத்தம் அடங்குமாம்.

"அவளின் மகள், புரொபெஸோரே," என்றேன். "கொந்தராத்தோ போனால் விண்ணப்பம் நிற்காது. பிள்ளைக்குப் பதினெட்டு வரப்போகிறது."

"தெரியும்."

"அவள் உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னாள்."

"அதுவும் விளங்குகிறது, அந்தோனி. எனக்கு நன்றாக விளங்குகிறது. வாசகர்களுக்கு விளங்காது."

காதுக்குப் பின்னால் அந்தக் கரி இன்னும் இருந்தது. நான்தான் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து எடுத்தேன். விளங்காமல் ஒருவன் செய்தால் போகட்டும் என்று விடலாம். இந்த ஊரில் எத்தனையோ பேர் எங்களுக்கு விளங்காமல் செய்திருக்கிறார்கள், நான் ஒன்றையும் மனதில் வைத்திருக்கவில்லை. இவர் விளங்கிக்கொண்டு செய்தார். அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

செல்வி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. வேறு வீடு தேடினாள். நாங்கள் எல்லோரும் தேடினோம். பல்லரோச் சந்தையில் எங்கள் ஆட்களின் கடைகளிலெல்லாம் சொல்லி வைத்தோம். மணித்தியால வேலைகள் கிடைத்தன. முழுக் கொந்தராத்தோ கொடுக்க யாரும் வரவில்லை. ஒரு வீட்டுச் சிஞ்ஞோரா எல்லாம் கதைத்து முடித்துவிட்டு, "பத்திரிகையில் வந்தது நீதானே?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்கிடையில் கிளிநொச்சியில் பிள்ளைக்குப் பதினெட்டு வந்துவிட்டது. செல்வி ஃபோனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, அன்று பின்னேரமே துறைமுகத்தில் நேப்பிள்ஸுக்குப் போகும் கப்பலின் அறைகளைக் கழுவும் வேலைக்குப் போனாள்.

பிள்ளையின் படம் மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் அப்படியே இருந்தது. அவர் எடுக்கச் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை, யாராவது ஒருவர் அதைப் பார்க்கட்டும் என்று.

நீங்கள் ஏன் அங்கேயே நின்றீர்கள் என்று கேட்பீர்கள். எனக்கும் பார்க்க ஒரு வீடு இருந்தது, ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருந்தது. அவரைத் தூக்கி இருத்த வேறு ஆளும் இல்லை. நின்றேன்.

ஒருநாள் காலை வழமைபோல் கால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் ஃபோனுக்குள் சொல்லத் தொடங்கினார். பலேர்மோவின் ராசா நோயில் படுத்து எழும்பியிருக்கிறார். வெளிநாட்டுத் தூதர்கள் வந்து ராசாவின் அழகையும் ஆயுளையும் புகழ்கிறார்கள். குசினிக்காரி ஒருத்தி, கடல் கடந்து வந்தவள், முன்னுக்கு வந்து ராசாவைப் பொல்லாதவர் என்கிறாள். சபை பதறுகிறது. அவள் தலையை வெட்ட வேண்டும் என்கிறார்கள். ராசாவுக்கு மட்டும் விளங்குகிறது. இறங்கி வந்து அவளுடைய கரி பிடித்த கையை முத்தமிடுகிறார். பிறகு ஒரு கப்பலை அனுப்பி, அவள் தன் ஊரில் விட்டுவந்த மகளைக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்.

சொல்லும்போது அவர் உண்மையாகவே அழுதார். என் கை முழுக்க எண்ணெய். காலைப் போட்டுவிட்டு எழும்பிப் போயிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது மற்றக் காலையும் தேய்த்து முடித்தேன்.

புத்தகம் வந்தது. பதிப்பாளர் ஆறப்போட்டதையெல்லாம் மறந்துவிட்டார். அந்தக் குசினிக்காரியின் அத்தியாயத்தை வாசித்து அழுததாக அமெரிக்காவில் எழுதினார்கள், இத்தாலியிலும் எழுதினார்கள். எளிய மனிதரின் மனதை இவரைப்போல் அறிந்தவர் இல்லை என்றார்கள். நிறுத்திய விருதைத் திரும்பக் கொடுத்தார்கள். அந்தப் பத்திரிகைப் பெண்ணும் இன்னொரு கட்டுரை எழுதினாள், இந்தமுறை தொடக்கத்திலிருந்து முடிவுவரை புகழ்ச்சி. குறை சொல்ல ஒருவர் இல்லை. வீடு முழுக்கப் பூங்கொத்து, எனக்குத் தும்மல் வந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள், ஒருநாள் மத்தியானம் கதிரையில் சாய்ந்தபடி போய்விட்டார். காய்ச்சல் இல்லை, இருமல்கூட இல்லை.

நகரசபை ஆட்கள் வந்து பெரிதாக அடக்கம் செய்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் அந்தக் கப்பலைப் பற்றியே பேசினார்கள். பின்வரிசையில் செல்வி நின்றாள், வேலை உடுப்போடு. முடிந்ததும் நானும் அவளும் துறைமுகப் பக்கமாக நடந்தோம்.

"அண்ணை, அந்தப் புத்தகத்திலை என்னைப்போலை ஒரு பொம்பிளை வாறாளாம், மெய்யோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"ராசா அவளைக் கலைச்சுப் போட்டாரோ?"

"இல்லைப் பிள்ளை. வைச்சிருந்தவர். கப்பல் விட்டு மகளைக் கூப்பிட்டுக் குடுத்தவர்."

நேப்பிள்ஸ் கப்பல் வாயைத் திறந்து லொறிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. "மகள் சுகமாய் வந்து சேர்ந்தவளோ?" என்றாள்.

"வந்து சேர்ந்திட்டாள்."

"நல்லம்."

எனக்கு அடக்க முடியவில்லை. செத்த மனிதரென்றும் பாராமல் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் அண்ணை. பாவம், நல்லாத்தானே இருந்தவர்? என்ன வருத்தம் வந்து போனவர்?"

"ஒரு வருத்தமும் இல்லை. சும்மா இருந்தபடி போனவர்."

செல்வி நின்றுவிட்டாள். ஏதோ கடைசியில் விளங்கியதுபோல் தலையை ஆட்டினாள்.

"எல்லாரும் நல்லம் நல்லம் எண்டெல்லோ எழுதினவை," என்றாள். "ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லேல்லை. நான் வீட்டிலை நிண்டிருந்தால் சொல்லியிருப்பன்."